விளிம்பில் ஒரு பெயர்: விக்டோரியா கால மரைன் பதக்கமும் சோழமண்டலக் கரைச் சிப்பாயும்

1. ஆய்வுப் பொருள்

விக்டோரியா அரசியின் காலத்தில் பிரிட்டிஷ் போர்க் கப்பலில் பணி செய்த ஒரு மரைன் வீரரின் பதக்கம் கைக்குக் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் விளிம்பு. அரசியின் முகம் எல்லாப் பதக்கத்திலும் ஒன்றுதான். பின்புறச் சித்திரமும் ஒன்றுதான். விளிம்பில் குத்தப்பட்டிருக்கும் பெயர்தான் அந்த உலோகத் துண்டை ஒரு மனிதனுக்கு உரியதாக்குகிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அவர் எந்தப் பிரிவில் சேர்ந்தார், எந்தக் கப்பலில் ஏறினார், எங்கே கரை இறங்கிச் சண்டையிட்டார், எப்போது ஓய்வு பெற்றார் என்ற முழு வரலாற்றையும் எழுதிவிடலாம். இங்கிலாந்தில் பலரும் இதைச் செய்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து இந்தப் பதக்கத்தைப் பார்ப்பவருக்கு வேறொரு கேள்வி எழ வேண்டும். அந்த மரைன் ரங்கூனிலும் காண்டனிலும் தனியாக நிற்கவில்லை. அவருக்கு அருகில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள் நின்றார்கள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஆற்காட்டுச் சீமைகளிலும் தெலுங்கு நாட்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஒரே மழையில் நனைந்து, ஒரே காய்ச்சலில் விழுந்தவர்கள். அவர்களுடைய பதக்கங்களின் விளிம்பு என்ன சொல்கிறது? இக்கட்டுரை மரைனின் பதக்கத்தையும் பணி வரலாற்றையும் விரிவாக ஆராய்ந்து, அதே ஆவணங்களின் வழியாகச் சிப்பாயைத் தேடிப் போவது எப்படி என்பதைச் சொல்ல முற்படுகிறது. 1781இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1850களில் பர்மாவின் பெகுவில் முடியும் காலம் இதன் எல்லை.

மரைன் என்பவர் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கப்பலில் வாழும் காலாட்படை வீரர் அவர். மாலுமி பாயை இழுக்கும்போது இவர் செங்கோட்டு அணிந்து துப்பாக்கியோடு வெடிமருந்தறை வாசலில் காவல் நிற்பார். சண்டையில் பீரங்கிக்கும் துணை நிற்பார்; கரை இறங்க வேண்டியிருந்தால் முதலில் படகில் ஏறுபவர்களில் ஒருவராக இருப்பார். 1802இல்தான் இப்படைக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத், பின்னர் ஊல்விச் என்று கரையில் நான்கு தலைமையிடங்கள். ஒவ்வொரு மரைனும் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர். பணி வரலாற்றைத் தேடுபவருக்கு இந்தத் தலைமையிடப் பெயர்தான் முதல் திறவுகோல்.

2. நாகப்பட்டினம் 1781–82: பதக்கம் இல்லாத சேவை

2.1 கரையில்

டச்சுக்காரர்கள் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது விளங்கியது. 1780இன் கடைசியில் பிரிட்டனுக்கும் ஹாலந்துக்கும் போர் மூண்டபோது, இங்கே ஹைதர் அலியோடு நடந்துகொண்டிருந்த போரோடு அதுவும் கலந்துவிட்டது. நகரைக் காத்த டச்சுக்காரர்களோடு ஹைதரின் ஆட்களும் இருந்தார்கள். 1781 அக்டோபர் கடைசியில் சர் ஹெக்டர் மன்றோ தரைவழியாகவும், அட்மிரல் சர் எட்வர்ட் ஹியூஸ் கடல்வழியாகவும் நகரை நெருக்கினார்கள். கப்பல்களிலிருந்து மாலுமிகளும் மரைன்களும் கரை இறக்கப்பட்டார்கள்.

மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி. வாடைக்காற்றும் அடைமழையும் சேரும் காலம். நாகப்பட்டினத்தில் அன்று கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் சலங்குகளில்தான் அலை தாண்டி வர வேண்டும். பீரங்கியை அப்படி இறக்கி, சேற்று நிலத்தில் இழுத்துச் சென்று, மழையில் அகழி வெட்டியவர்களில் மரைன்களும் இருந்தார்கள். நவம்பர் இரண்டாம் வாரத்தில் நகரம் சரணடைந்தது. 1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினம் பிரிட்டிஷார் கைக்கே நிலையாகப் போயிற்று.

2.2 கடலில்

அடுத்த ஆண்டு 1782 ஜூலை 6ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கு எதிரே பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனும் ஹியூஸும் மோதினார்கள். கச்சான் காலத்துக் காற்று நண்பகலுக்குப் பின் திடீரெனத் திசை மாறியதால் இரு அணிகளும் கலைந்துபோயின. பிரிட்டிஷ் தரப்பில் 77 பேர் இறந்தார்கள், 233 பேர் காயமடைந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்தார்கள், 601 பேர் காயமடைந்தார்கள். வெற்றி யாருக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாத சண்டை. ஆனால் நாகப்பட்டினத்தை மீட்கும் சஃப்ரனின் எண்ணம் அன்றோடு தடைபட்டது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் பங்கேற்ற மரைனுக்கு ஒரு பதக்கமும் கிடையாது. கைப்பற்றிய பொருளில் பங்குப் பணம் கிடைக்கும். ஊனமடைந்தால் கிரீன்விச் மருத்துவமனை ஓய்வூதியம் கிடைக்கலாம். அவ்வளவுதான். 1847இல் விக்டோரியா அரசியின் ஆணையில் 'நேவல் ஜெனரல் சர்வீஸ் மெடல்' பழைய கடற்போர்களுக்கெல்லாம் வழங்கப்பட்டது. போர்களின் பெயர் பொறித்த 200க்கும் மேற்பட்ட பட்டைகள் கொண்ட அந்தப் பதக்கத்தின் கணக்கு 1793இல்தான் தொடங்கியது. உயிரோடிருந்து விண்ணப்பித்தவருக்கே அது கிடைத்தது. அதனால் நாகப்பட்டினம் என்ற ஊர்ப்பெயர் எந்த மரைனின் பதக்கப் பட்டையிலும் ஏறவில்லை. நம் ஊர் மண்ணில் நடந்த முற்றுகையின் மரைன்களை அறிய இன்று நமக்குள்ள வழி, அந்தக் கப்பல்களின் ஆள்பட்டியல் ஏடுகள் மட்டுமே.

3. கம்பெனியின் பதக்கங்கள்

3.1 சிப்பாய்க்கு முதலில்

வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் போர்ப் பதக்கம் முதலில் கிடைத்தது சிப்பாய்க்குத்தான். பிரிட்டிஷ் அரசு தன் சாதாரண வீரர்களுக்குப் பதக்கம் தருவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் பதக்கம் அடித்தது. 1784இல் அளிக்கப்பட்ட தக்காணப் பதக்கம், குஜராத்திலும் கர்நாடகப் பகுதியிலும் போரிட வந்த வங்கப் படைச் சிப்பாய்களுக்கானது. அதே போரில் தம் சொந்தச் சீமையில் உயிரைக் கொடுத்த சென்னை ராணுவத்தாருக்கு அது போகவில்லை.

சென்னைச் சிப்பாயின் கைக்குப் பெரிய அளவில் வந்தது 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் குக்லர் என்ற கலைஞர் வடித்தது. முகப்பில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. பின்புறம் கோட்டை மதிலின் உடைப்பில் படை ஏறுகிறது. உயர்ந்த பதவிக்குத் தங்கம், பிறகு பொன்முலாம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளீயம் மென்மையான உலோகம். சட்டையில் உரசினாலே சித்திரம் மழுங்கும். அதே ஆண்டில்தான் சரபோஜி மன்னர் உடன்படிக்கையில் தஞ்சாவூர் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். காவிரிப் படுகையின் இளைஞர்களுக்குக் கம்பெனிப் பட்டாளம் நிலையான பிழைப்பாக மாறியது அதன் பிறகே. ஒரு சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 ரூபாய்.

3.2 பர்மா, 1824–26

1824இல் கம்பெனி பர்மா மீது படையெடுத்தது. வங்கப் படையில் உயர்சாதிச் சிப்பாய்களுக்குக் கடல் தாண்டுவது பெருங்கவலையாயிருந்தது. பர்மாவுக்குப் புறப்படும் ஏற்பாடுகளின் நடுவே, பாரக்பூரில் 1824 நவம்பரில் ஒரு பட்டாளமே மறுத்து நின்று சுடப்பட்டது. சென்னை ராணுவம் கப்பல் ஏறியது. கடலோரச் சீமையிலிருந்து வந்த வீரர்களைக் கொண்ட படைக்கு வங்கக் கடல் அந்நியமானதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பெகுவுக்கும் மலாய்க் கரைக்கும் துணி ஏற்றிப் போன மரக்காயர் தோணிகள் தலைமுறை தலைமுறையாக அந்த வழியில் ஓடியவை. 1476இல் பெகு மன்னர் தம்மசேதி பொறித்த கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பர்மியப் பிக்குகள் நாகப்பட்டினம் வந்து அங்கிருந்த பழைய பௌத்தத் தலத்தை வணங்கியதைச் சொல்கிறது. படைக் கப்பலில் போனவர்கள் நல்லெண்ணத்தோடு போகவில்லை என்பது உண்மை. ஆனால் பாதை பழையது.

1824 மே 11இல் ரங்கூன் பிடிபட்டது. மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியது. உணவு கிடைக்கவில்லை, காய்ச்சலும் பேதியும் சொறிநோயும் படையைத் தின்றன. இப்போரில் சண்டையில் மாண்டவர்களைவிட நோயில் மாண்டவர்களே மிகுதி. அங்கே கடற்படைப் பொறுப்பில் சில காலம் இருந்தவர் 'லார்ன்' கப்பலின் பிரெடெரிக் மாரியட். பின்னாளில் கடல் நாவல்களால் புகழ் பெற்ற அதே மாரியட்தான். பர்மாவிலிருந்து அவர் கொண்டுபோன அரக்குப் பூச்சுப் புத்தர் சிலை 1826 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரைனையும் சிப்பாயையும் ஒரே சட்டத்துக்குள் காட்டும் இடம் கெம்மண்டைன். ரங்கூனுக்குச் சற்று மேலே, ஆற்றோரத்தில் இருந்த மரக்கோட்டை அது. 1824 டிசம்பர் தொடக்கத்தில் பர்மியத் தளபதி மகா பந்துலாவின் பெரும்படை ரங்கூனைச் சூழ்ந்தபோது, கெம்மண்டைனைக் காத்தது மேஜர் யேட்ஸ் தலைமையிலான 26ஆம் சென்னைக் காலாட்பட்டாளமும் சில ஐரோப்பிய வீரர்களும். ஆற்றில் ரைவ்ஸ் தலைமையில் 'சோஃபி' என்ற சிறு போர்க் கப்பல். எண்ணெயில் தோய்ந்த மூங்கில் தெப்பங்களைக் கொளுத்தி நீரோட்டத்தில் விடுவது பர்மியர் முறை. அந்தத் திருப்பத்தில் தெப்பங்களைத் தடுத்தாக வேண்டும். தடுக்காவிட்டால் கீழே நிற்கும் கப்பல்கள் எரிந்துபோகும். நாட்கணக்கில் நடந்த தாக்குதலில் கரையும் கப்பலும் ஒன்றையொன்று நம்பி நின்றன. 'கெம்மண்டைன்' என்ற போர்ச் சிறப்புப் பெயர் பின்னர் 26ஆம் பட்டாளத்தின் கொடியில் ஏறியது.

3.3 ஒரே போருக்கு இரண்டு பதக்கம்

போர் 1826 பிப்ரவரி 24இல் யாந்தாபோ உடன்படிக்கையோடு முடிந்தது. கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் ஒரு பதக்கம் அடித்தது. சுபேதார், ஜமேதார்களுக்குப் பொன்முலாம் பூசியது, மற்றவர்களுக்கு வெள்ளி. முகப்பில் பர்மிய அரசான ஆவாவின் யானை பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் மண்டியிடுகிறது. பின்புறம் ரங்கூனின் பெரிய பகோடா மீது நடந்த தாக்குதல். சித்திரத்தைத் தீட்டியவர் வில்லியம் டேனியல். 1792இல் தன் சிற்றப்பா தாமஸோடு தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரைக் கோயில்களை வரைந்துகொண்டு போன அதே டேனியல். எழுத்து பாரசீகத்தில். விளிம்பில் பெயர் இல்லை.

அதே போரில் பங்கேற்ற மரைனுக்கும் ஐரோப்பியச் சிப்பாய்க்கும் அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. 25 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1851இல் கம்பெனி 'ஆர்மி ஆஃப் இந்தியா' பதக்கத்தை வழங்கியபோதுதான் 'ஆவா' என்ற பட்டையோடு அவர்களுக்கு வந்தது. 1803 முதல் 1826 வரையிலான போர்களுக்கு 21 பட்டைகள் கொண்ட அந்தப் பதக்கமும் உயிரோடிருந்தவர்களுக்கு மட்டுமே. அடிக்கப்பட்டவை ஏறக்குறைய 4,500. ஐரோப்பியர் பெயர் ரோமன் எழுத்தில் அச்சுக் குத்தப்பட்டது. பதக்கம் பெற்ற சில இந்தியர்களின் பெயர் இங்கேயே கையெழுத்து வடிவில் செதுக்கப்பட்டது.

இந்த முரணில்தான் என் வாதத்தின் அடிப்படை இருக்கிறது. சிப்பாய்க்குப் பதக்கம் சீக்கிரம் வந்தது, பெயரில்லாமல் வந்தது. மரைனுக்குத் தாமதமாக வந்தது, பெயரோடு வந்தது. முதலாவது ஒரு கூட்டத்தின் விசுவாசத்துக்குக் கொடுத்த பரிசு. வாங்கியவர் யாராயிருந்தாலும் கொடுத்தவருக்கு ஒன்றுதான். இரண்டாவது ஒரு மனிதனின் உரிமைக் கணக்கைத் தீர்த்தது. அவன் யார் என்று சரிபார்த்தாக வேண்டும். சரிபார்த்த காகிதங்கள் பாதுகாக்கப்பட்டன. இன்று ஒருவருக்கு வரலாறு இருப்பதும் மற்றவருக்கு இல்லாததும் அன்றைய வீரத்தின் அளவால் அல்ல, அந்தக் காகிதங்களால்.

4. சீனப் பதக்கம், 1842

4.1 பொருள்

விக்டோரியா கால மரைனின் பதக்கம் என்றதும் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். வெள்ளி, 36 மில்லிமீட்டர் குறுக்களவு, நம் பழைய வெள்ளி ரூபாயைவிட அகலம் கூடியது. முகப்பில் வில்லியம் வயன் வடித்த இளம் விக்டோரியாவின் தலை. பின்புறத்தில் ஒரு பனை வகை மரத்தடியில் அரசுச் சின்னம், ஒரு பக்கம் நங்கூரமும் கப்பல் பீரங்கியும், மறுபக்கம் தரைப்படைப் பீரங்கியும் முரசும். மேலே லத்தீனில், ஆயுதத்தால் சமாதானம் கேட்பதாகப் பொருள்படும் வாசகம். அபினி வியாபாரத்தைக் காக்க நடந்த போருக்கு இந்த வாசகம் பொருந்தாது. அதைச் சொல்லாமல் இந்தப் பதக்கத்தை விவரிப்பது நேர்மையாகாது. சிங்கம் டிராகனை மிதிப்பதாகப் போட்டிருந்த முதல் சித்திரம் சீனரைப் புண்படுத்தும் என்று கைவிடப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஆவாவிலும் அந்தத் தயக்கம் யாருக்கும் வரவில்லை. பதக்கம் தொங்கும் குறுக்குப் பட்டை ஜெர்மன் வெள்ளி. நாடா சிவப்பு, இரு ஓரமும் மஞ்சள். விளிம்பில் பெரிய ரோமன் எழுத்துகளில் பெயரும், படை அல்லது கப்பலும்.

முதலில் இதைத் தம் இந்தியப் படைக்காகக் கேட்டவர் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ. பிறகு அரசே எடுத்துக்கொண்டு கடற்படை, மரைன், பிரிட்டிஷ் படை, கம்பெனிப் படை எல்லாருக்கும் ஒரே பதக்கமாக்கியது. சென்னை ராணுவத்தின் 2, 6, 14, 37, 41ஆம் பட்டாளங்களும் சென்னை சாப்பர்களும் பீரங்கிப் படையும் சீனத்துக்குப் போனவை.

4.2 சான்யுவான்லி, 1841 மே 30

37ஆம் பட்டாளம் சீனம் சேரும் முன்பே இடி விழுந்தது. அதன் தலைமையகத்தையும் வீரர்களையும் ஏற்றிச் சென்ற 'கோல்கொண்டா' கப்பல் 1840இல் சீனக் கடல் சூறாவளியில் சிக்கி எல்லாரோடும் மூழ்கியது. மிஞ்சிய பகுதிதான் 1841 மே மாதம் சர் ஹியூ கஃப் தலைமையில் காண்டன் நகரின் வடக்கு மேடுகளைப் பிடித்த படையில் இருந்தது. நகரம் 60 லட்சம் டாலர் மீட்புப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் சுற்றுக் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. படை நடத்திய கொள்ளை, கல்லறைகளைத் தோண்டியது, பெண்களிடம் அத்துமீறியது எல்லாம் சீன ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. சிப்பாய்களை முழுக்க அப்பாவிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மே 30 அன்று சான்யுவான்லிப் பகுதியில் ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியோடும் கொடியோடும் திரண்டார்கள். கஃப் படையை அனுப்பி அவர்களைப் பின்தள்ளினார். அப்போது புயல் மழை. வயலும் வரப்பும் ஒரே நீர்ப்பரப்பாயின. திரும்பும் வழியில் 37ஆம் பட்டாளத்தின் ஒரு கம்பெனி, லெப்டினன்ட் ஹாட்ஃபீல்டும் ஏறத்தாழ 60 சிப்பாய்களும், மற்றப் படையிடமிருந்து பிரிந்துபோனார்கள்.

அவர்கள் கையிலிருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும்; பொறி திறந்த தட்டில் கிடக்கும் மருந்தில் விழுந்து, அங்கிருந்து குழலுக்குள் தீ பாயும். தட்டு நனைந்தால் எல்லாம் போயிற்று. அடைமழையில் அத்தனை துப்பாக்கியும் வெறும் கழிகளாயின. வரப்பின் மேல் சதுரமாக நின்று, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி, கிட்ட வந்தவர்களை விலக்கிக்கொண்டே இருந்தார்கள். எதிரில் இருந்தவர்கள் நீண்ட மூங்கில்களில் கொக்கி கட்டி, சதுரத்தின் ஓரத்தில் நின்றவனை இழுக்கப் பார்த்தார்கள். மழை சற்று விட்டபோது குழலைத் துடைத்துக் கொஞ்சம் சுட முடிந்தது. மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. இருட்டும் வந்தது. காவிரிப் படுகையில் நடவுக்கு நீர் கட்டிய வயலில் நடந்து பழகியவனுக்கு அந்தச் சேற்றில் கால் ஊன்றத் தெரிந்திருக்கும்; தப்பி ஓட இடமில்லை.

அவர்களைத் தேட அனுப்பப்பட்டவை ராயல் மரைன்களின் இரண்டு கம்பெனிகள். அவர்களுடையது புதிய வகை, செப்புக் கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி. கேப்பு மழையிலும் வெடிக்கும். சுட்டுக்கொண்டே போய்ச் சதுரத்தை அடைந்து, சிப்பாய்களை மீட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு சிப்பாய் இறந்திருந்தார், பலர் காயம்பட்டிருந்தார்கள். 37ஆம் பட்டாளம் பிறகு 'கிரெனேடியர்' என்ற சிறப்புப் பெயர் பெற்றது. சான்யுவான்லி இன்று சீனாவில் அந்நியரை எதிர்த்த மக்கள் எழுச்சியின் நினைவிடம்.

ஒரே படையெடுப்பில் நின்ற இருவருக்கும் அன்று இருந்த வேறுபாடு துப்பாக்கிப் பூட்டு ஒன்றுதான். கம்பெனி தன் சிப்பாய்க்குப் பழைய ஆயுதத்தைக் கொடுத்திருந்தது. அந்தப் பழைய பூட்டுக்காக 37ஆம் பட்டாளத்தார் கொடுத்த விலையை அந்த இரவில் பார்க்கலாம்.

5. மரைனின் பணி வரலாற்றைக் கட்டும் முறை

சீனப் பதக்கம் பெற்ற ஒரு மரைனை எடுத்துக்கொண்டால் வேலை இப்படி நடக்கும். விளிம்புப் பெயரைப் பதக்கப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 171 வரிசை அது. பொய்ப் பெயர் குத்திய பதக்கங்கள் சந்தையில் உண்டு என்பதால் இந்த முதல் ஒப்பீடு தவறக் கூடாது. பட்டியலில் கப்பல் தெரிந்ததும், அந்தக் கப்பலின் ஆள்பட்டியல் ஏட்டில் மரைன் பகுதியைப் பார்க்க வேண்டும். எந்தத் தலைமையிடம், எந்தக் கம்பெனி என்பது அங்கே கிடைக்கும்.

அதை வைத்துக்கொண்டு ஏடிஎம் 157இல் சேர்க்கைத் தாள், ஏடிஎம் 158இல் அங்க அடையாள ஏடு. பிறந்த ஊர், வயது, உயரம், கண் நிறம், முன்பு செய்த தொழில் வரை அங்கே இருக்கும். நெசவாளியாகவோ பண்ணையாளாகவோ இருந்து பஞ்சத்தில் சேர்ந்த ஏழைப் பையன்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறான். 1847 சட்டம் வரும் வரை சேர்க்கைக்குக் காலவரையறை கிடையாது. உடல் ஓய்ந்தால்தான் விடுதலை. அதன் பிறகு முதல் ஒப்பந்தம் 12 ஆண்டுகள். கடைசியில் கிரீன்விச் ஓய்வூதியக் காகிதம். நடுவே அவர் கப்பலின் தலைவர் நாட்குறிப்பும் மருத்துவர் குறிப்பேடும் கிடைத்தால், எந்த நாளில் எந்தக் கடலில் எந்தக் காய்ச்சலில் கிடந்தார் என்பது வரை எழுதலாம்.

செங்கோட்டுக்குள் இருந்த அந்தப் பையன்களும் ஏழைகளே. அவர்களுடைய வரலாற்றை எழுதுபவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அந்த முறையை நம் பக்கமும் பயன்படுத்த வேண்டும் என்ற அவாதான்.

6. சிப்பாயைத் தேடும் வழி

1826 பர்மாப் பதக்கத்தின் விளிம்பிலிருந்து தொடங்க முடியாது. நம் வழி தலைகீழாக இருக்க வேண்டும்: நிகழ்ச்சியிலிருந்து பட்டாளத்துக்கு, பட்டாளத்திலிருந்து ஆளுக்கு.

டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் வெளியிட்ட சென்னை ராணுவ வரலாற்றுத் தொகுதிகள் ஒவ்வொரு பட்டாளமும் எங்கே போயிற்று என்பதைக் காட்டிவிடும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி அரசின் ராணுவத் துறை நடவடிக்கைகள் உள்ளன. அங்கே போர்ச் செய்தியைவிடப் பணச் செய்தியைப் படிப்பது பயன்தரும். கடல் கடந்து போன சென்னைச் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் குடும்பம் வாங்கிக்கொள்ளும்படி எழுதிவைக்கும் ஏற்பாடு இருந்தது. வெளிநாட்டில் இறந்தவரின் வாரிசுக்கு ஓய்வூதியம் உண்டு. யார் மனைவி, யார் தாய், எந்த ஊர் என்ற வழக்குகள் அதனால் எழும். வீரச் செயல் எழுதாத பெயரை ஓய்வூதிய வழக்கு எழுதிவைக்கும்.

இரண்டாவது வழி, மரைனின் காகிதங்களையே பக்கவாட்டில் படிப்பது. போர்க் கப்பலின் ஆள்பட்டியல் ஏட்டில் கடைசிப் பகுதி ஒன்று உண்டு: கப்பல் ஊழியரல்லாமல், உணவுப் பங்குக்கு மட்டும் சேர்க்கப்பட்ட கூடுதல் ஆட்கள். படை ஏற்றிச் சென்ற நாட்களில் அந்தப் பகுதியில் சிப்பாய்களும் லாஸ்கர்களும் சமையல்காரர்களும் வருவார்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். ராமசாமி, ஷேக் இமாம் போன்றவற்றை அடையாளம் காண்பது தமிழ் தெரிந்தவருக்கே எளிது. மரைன்களின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறார்கள். நமக்கு அவைதான் முதல் பக்கம்.

ஒரு தடையையும் சொல்ல வேண்டும். 37ஆம் பட்டாளம் 1880களில் சென்னை ராணுவம் சுருக்கப்பட்டபோது கலைக்கப்பட்டது. தொடர்ந்து வாழ்ந்த 26ஆம் பட்டாளத்துக்கு, பின்னாளில் 86ஆம் கர்நாட்டிக் காலாட்படை என்று பெயர் பெற்றதற்கு, நினைவைக் காக்க வாரிசுகள் இருந்தார்கள், 37க்கு இல்லை. வெள்ளிப் பதக்கமோ வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போகும் பொருள். அதனால்தான் பதக்கத்தைத் தேடுவதைவிடக் காகிதத்தைத் தேடுவது முக்கியம் என்கிறேன்.

7. 1854க்குப் பின்

இரண்டாம் பர்மாப் போர் 1852இல் வந்தது. 1854இல் நிறுவிய 'இந்தியா ஜெனரல் சர்வீஸ்' பதக்கம் 'பெகு' என்ற பட்டையோடு மரைனுக்கும் சென்னைச் சிப்பாய்க்கும் ஒன்றாகவே கிடைத்தது. ஒரே பர்மியப் போர்க்களத்துக்கு இருவருக்கும் ஒரே பதக்கம் என்பது அப்போதுதான் நடந்தது. ஆனாலும் உலோக வரிசை மறையவில்லை. 1880களில் அதே பதக்கம் போர் வீரர்களுக்கு வெள்ளியிலும், மூட்டை சுமந்த, தண்ணீர் கொண்டுவந்த இந்தியப் பின்தொடர் ஊழியர்களுக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது.

நாகப்பட்டினத்தை மையமாக வைத்து இந்த ஆய்வைத் தொடங்குபவர் இரண்டு ஏடுகளைக் கேட்டுப் பெற்றால் போதும். ஹியூஸின் கொடிக்கப்பல் 'சூப்பர்ப்' 1781 அக்டோபர், நவம்பரில் நம் கரைக்கு எதிரே நின்றபோது எழுதிய ஆள்பட்டியல் ஒன்று. 'சோஃபி' 1824 டிசம்பரில் கெம்மண்டைனில் எழுதியது மற்றொன்று. முதலாவதில் நாகப்பட்டினத்தை அடுத்த நாகூர்க் கரையில் இறங்கிய மரைன்களின் பெயர்களைத் தேட வேண்டும். இரண்டாவதில் மரைன்களின் பகுதியைப் புரட்டிவிட்டு, உணவுப் பங்குக்குச் சேர்க்கப்பட்டவர்களின் வரிசையில் 26ஆம் பட்டாளத்தாரைத் தேட வேண்டும்.